ஒரு லேப்டாப், மூன்று புரொஜெக்டர்: வயர் இல்லாமல் முடியுமா?

கேள்வி: குடியாத்தத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் எங்கள் பள்ளி ஆண்டு விழா. 1806 வேலூர்ப் புரட்சி பற்றிப் பிள்ளைகள் செய்த வீடியோவை மேடையிலும் இரு பக்கமும் மூன்று திரைகளில் காட்ட வேண்டும். மூன்றும் வைஃபை புரொஜெக்டர்கள். இரண்டாவதை இணைத்தால் முதல் திரை போய்விடுகிறது. என்ன செய்வது?

பதில்: புரொஜெக்டரில் கோளாறு இல்லை டீச்சர். விண்டோஸ் கீயோடு கே எழுத்தை அழுத்தித்தான் இணைத்திருப்பீர்கள். அது மிராகாஸ்ட், லேப்டாப்புக்கும் ஒரு திரைக்கும் நேரடியாகப் போடும் இணைப்பு. மூன்று திரைக்கு அது சரிப்படாது.

மூன்றும் ஒரே கம்பெனி என்றால் அந்தக் கம்பெனி மென்பொருளைப் பாருங்கள். உதாரணமாக, எப்சனின் ஐபுரொஜெக்‌ஷன் ஒரே படத்தை நான்கு புரொஜெக்டர் வரை அனுப்பும். உங்கள் மாடலுக்கு உண்டா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மண்டபத்து வைஃபை வேண்டாம். தனி ரவுட்டர் கொண்டுபோங்கள், இன்டர்நெட் தேவையில்லை. லேப்டாப்பை லேன் கேபிளில் ரவுட்டரோடு இணையுங்கள். அதுவும் வைஃபையில் இருந்தால் ஒரே படம் காற்றில் இரண்டு தடவை போக வேண்டியிருக்கும்.

ரவுட்டரை 5 கிகாஹெர்ட்ஸில் வையுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 மூன்றுதான். காலி மண்டபத்தில் ஒத்திகை ஜம்மென்று ஓடும். சாயங்காலம் பெற்றோர் செல்போனும் கையுமாக வந்து உட்கார்ந்ததும் திக்கும். மனித உடம்பும் அலையை உறிஞ்சும் என்பதால் ரவுட்டரைத் தலைக்கு மேல் உயரத்தில் கட்டுங்கள்.

ஆனால் என்னைக் கேட்டால், ஸ்லைடுக்கு வயர்லெஸ் போதும், வீடியோவுக்கு வயர்தான். லேப்டாப்பிலிருந்து எச்டிஎம்ஐ ஸ்ப்ளிட்டர் (ஒரே படத்தைப் பல கேபிள்களுக்குப் பிரித்துக்கொடுக்கும் பெட்டி), அதிலிருந்து திரைகளுக்குக் கேபிள். 10 மீட்டரைத் தாண்டினால் சாதாரணக் கேபிளை நம்பாதீர்கள். கேட்-6 என்ற லேன் வயரில் படத்தைத் தூரமாகக் கொண்டுபோகும் எக்ஸ்டெண்டர் வாடகைக்குக் கிடைக்கிறதா என்று மைக் செட்காரரிடம் கேளுங்கள். ஜனங்கள் நடக்கும் வழியைக் கடந்தாக வேண்டிய திரைக்கு மட்டும் வயர்லெஸ் எச்டிஎம்ஐ போதும். அந்தப் பக்கத்துத் திரை கொஞ்சம் பின்தங்கினாலும் யாரும் ஒப்பிட்டுப் பார்க்கப்போவதில்லை.

சத்தத்தைப் புரொஜெக்டரில் விடாதீர்கள். ஹெட்போன் துளையிலிருந்து மைக் செட் மிக்சருக்குக் கொடுங்கள். எச்டிஎம்ஐ செருகியதும் விண்டோஸ் சத்தத்தை அந்தப் பக்கம் திருப்பிவிடும். ஸ்பீக்கரை மறுபடி தேர்ந்தெடுக்க வேண்டும். முழு வயர்லெஸ்ஸில்தான் காட்டுகிறீர்கள் என்றால் சத்தம் முந்தும், படம் பிந்தும். விஎல்சி வீடியோ பிளேயரில் கே-யைத் தட்டத் தட்ட ஒலி 50 மில்லிசெகண்டாகப் பின்னால் போகும், அதிகமாகிவிட்டால் ஜே. பேசுபவரின் வாயசைவைப் பார்த்துச் சரிசெய்யுங்கள்.

அப்புறம் நம்மூர் வெயில். பல புரொஜெக்டர்களுக்கு 35 டிகிரிதான் எல்லை. தகரக் கூரையை ஒட்டி மாட்டாதீர்கள், ஃபில்டர் தூசியை முந்தின நாளே தட்டுங்கள். கரண்ட் போய் ஜெனரேட்டர் பிடிக்கும் அந்த இடைவெளியில் ரவுட்டர் அணைந்தால், மூன்று திரையையும் மறுபடி முதலிலிருந்து இணைக்க வேண்டிவரும். அதற்கு ஒரு சின்ன யுபிஎஸ் போட்டுவிடுங்கள்.