புதுக் கட்டடத்தில் சைக்கிளுக்கு இடம்: கேள்வி பதில்

புதிதாகக் கட்டும் கட்டடத்தில் சைக்கிள் நிறுத்த இத்தனை இடம் விட்டால்தான் அனுமதி என்று பல நகரங்களில் விதி வந்துவிட்டது. வரைபடம் போடுபவர்கள், கட்டுபவர்கள், குடியிருப்பவர்கள் அதைப் பற்றிக் கேட்டவையும் அவற்றுக்கான பதில்களும் இவை.

கேள்வி: வணக்கம் சார். விதியில் குறுகிய நேரம், நீண்ட நேரம் என்று இரண்டு கணக்கு வருகிறது. மொத்த எண்ணிக்கை சரியாக இருந்தால் போதாதா?

பதில்: போதாது. முதல் கணக்கு, ஒரு மணி நேரம் வந்து போகிறவருக்கு. சாவி கேட்காத இடமாக, வாசலில் நின்றால் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். 15 மீட்டரைத் தாண்டினால் அங்கே யாரும் போவதில்லை, படிக்கட்டுக் கைப்பிடியிலேயே பூட்டிவிடுவார்கள். இரண்டாவது, இரவெல்லாம் அல்லது வேலை நேரம் முழுக்க நிற்கும் சைக்கிளுக்கு. அதற்குக் கூரையும் பூட்டிய அறையும் வேண்டும். பொதுவாக, ஒன்றில் கூடுதலாக விட்டதை மற்றதில் கழித்துக்கொள்ள முடியாது.

கேள்வி: 40 வீடுகள். 10 வீட்டில் ஒரு படுக்கை அறை (இருவர் தங்குவது), மீதி 30-இல் இரண்டு. எத்தனை சைக்கிளுக்கு இடம் விட வேண்டும், எவ்வளவு பரப்பு பிடிக்கும்?

பதில்: எண்ணிக்கை ஊருக்கு ஊர் வெகுவாக மாறும். லண்டனின் 2021 திட்டப்படி இருவர் தங்கும் ஒரு படுக்கை அறை வீட்டுக்கு 1.5, அதைவிடப் பெரிய வீட்டுக்கு 2. ஆக 15 + 60 = 75, வருகிறவர்களுக்கு இன்னும் 2. நியூயார்க் 2009-இல் கொண்டுவந்த விதியில் இரண்டு வீட்டுக்கு ஒன்று, அதாவது 20. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024 கட்டட ஆற்றல் நெறிமுறையில், மூன்றுக்கு மேல் கார் இடம் உள்ள புதுக் குடியிருப்புக்கு வீட்டுக்கு இரண்டு, 80. பக்கத்து ஊர் எண்ணை எடுத்துப் போட்டு வரைபடம் திரும்பி வருவது இதனால்தான்.

பரப்புக்கு வருவோம். சைக்கிள் நீளம் 1.8 மீட்டர், ஹேண்டில்பார் அகலம் 60 முதல் 70 செ.மீ. தலைகீழ் 'ப' வடிவக் குழாய் ஸ்டாண்டில் இருபுறமும் ஒவ்வொன்றாக இரண்டு நிற்கும். ஸ்டாண்டுக்கு ஸ்டாண்டு 1 மீட்டர், சுவரிலிருந்து 60 செ.மீ., நடுவில் நடைபாதை 1.5 மீட்டர். 75-க்கு 38 ஸ்டாண்டு. 19 வீதம் இரண்டு வரிசை போட்டால் நீளம் 19.2, அகலம் சுவரோர இடைவெளியும் சேர்த்து 5.3 மீட்டர், சுமார் 102 சதுர மீட்டர். 38 ஸ்டாண்டில் 76 நிற்கும் என்பதால் சைக்கிளுக்கு 1.34 ச.மீ. வருகிறது. நியூயார்க் விதி சொல்லும் 15 சதுர அடியும் கிட்டத்தட்ட இதே அளவுதான் (1.39 ச.மீ.). இதில் தூண்கள் சேரவில்லை. 60 செ.மீ. தூண் ஒன்று வரிசைக்குள் வந்தால் ஒரு ஸ்டாண்டு, அதாவது இரண்டு சைக்கிள் போச்சு. சரக்கு சைக்கிள், மூன்று சக்கர சைக்கிள் போன்றவற்றுக்கு 5 சதவீதமாவது ஒதுக்குங்கள். அவற்றுக்கு 2.5 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம் வேண்டும்.

கேள்வி: அலை மாதிரி வளைத்த குழாய் ஸ்டாண்டு, ஏழு சைக்கிள் நிற்கும் என்கிறார் விற்பவர். போடலாமா?

பதில்: ஏழு என்பது விற்பவர் கணக்கு. வளைவுகளுக்குள் சொருகினால் ஃபிரேமுக்கு ஒரே இடத்தில்தான் பிடிமானம், சைக்கிள் சாயும், ஹேண்டில்பார்கள் சிக்கும். அதனால் வருகிறவர் பக்கவாட்டில் சாய்த்துப் பூட்டுவார், இரண்டோடு இடம் முடிந்துவிடும். முன்சக்கரத்தை மட்டும் பிடிக்கும் குட்டை ஸ்டாண்டு இதைவிட மோசம். யாராவது இடித்தால் ரிம் கோணிவிடும். சக்கரத்தை மட்டும் பூட்டினால் திருடுகிறவன் சக்கரத்தை விட்டுவிட்டு மற்றதைக் கொண்டுபோவான். ஃபிரேமையும் ஒரு சக்கரத்தையும் சேர்த்து 'ப' பூட்டால் பூட்ட முடிகிறதா என்று ஒரு சைக்கிளைக் கொண்டுபோய்ப் பூட்டிப் பார்த்துவிட்டு ஆர்டர் கொடுங்கள். குழாய் விட்டம் சுமார் 5 செ.மீ. இருக்கட்டும். அதற்கு மேல் தடித்தால் சிறிய பூட்டு சுற்றி வராது.

கேள்வி: இடம் குறைவு. சுவரில் கொக்கி மாட்டியோ இரண்டு அடுக்கிலோ சமாளிக்க முடியுமா?

பதில்: ஓரளவுக்கு. கொக்கியில் மாட்ட 15 கிலோவைத் தோளளவு தூக்க வேண்டும். பேட்டரி சைக்கிள் என்றால் 25 கிலோ. சிறுவர்களாலும் வயதானவர்களாலும் முடியாது. இரண்டு அடுக்கில் மேல் தட்டு இழுத்து இறங்கும், தூக்க உதவும் ஸ்பிரிங் உண்டு. ஆனால் கூரை உயரம் 2.7 மீட்டர் வேண்டும். அதைத் தரையிலிருந்து கூரைத் தளம் வரை அளக்காதீர்கள். நடுவில் தொங்கும் ஸ்பிரிங்ளர் (தீயணைக்கத் தண்ணீர் தெளிக்கும்) குழாய், ஏசி டக்ட் அடிப்பகுதி வரை அளங்கள். இழுத்த தட்டுக்கு அப்பால் 2.5 மீட்டர் நடைபாதையும் தேவை. அதையெல்லாம் சேர்த்தால் மிச்சமாகும் இடம் நினைத்ததைவிடக் குறைவுதான். சாதாரண ஸ்டாண்டு பாதியாவது இருக்கட்டும்.

கேள்வி: எல்லாமே பேஸ்மென்ட்டில். எண்ணிக்கையும் அளவும் சரி. ஆனாலும் யாரும் பயன்படுத்த மாட்டார்கள் என்கிறார் ஆய்வாளர். ஏன் ஐயா?

பதில்: தெருவிலிருந்து அந்த அறை வரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவதாக நினைத்து வழியை அளங்கள். பக்கத்தில் நடக்கும் ஆளோடு சேர்த்து 1.1 மீட்டராவது ஆகும், கதவோ 90 செ.மீ. தானாகச் சாத்திக்கொள்ளும் தீத்தடுப்புக் கதவை ஒரு கையால் தள்ளி, மறு கையால் சைக்கிளை இழுக்கும்போது கதவு பின்சக்கரத்தில் வந்து அடிக்கும். பொத்தான் அழுத்தினால் திறந்து நிற்கும் கதவாகப் போடுங்கள். அடுத்தடுத்து இரண்டு கதவு இருந்தால் இடையில் சைக்கிள் முழுதாக அடங்க வேண்டும். 1.5 மீட்டர் இடைவெளி விட்டால் இரண்டையும் ஒரே நேரத்தில் திறந்து பிடிக்க நேரும்.

லிஃப்ட் என்றால் உள்ளே 1.2 க்கு 2.3 மீட்டர், கதவு 1 மீட்டர். சாய்தளம் 1:12 (12 மீட்டர் நீளத்துக்கு 1 மீட்டர் ஏற்றம்). கார் இறங்கும் 1:7 சரிவில் ஈரத்தில் இறங்கவும் முடியாது, ஏறவும் முடியாது. படிக்கட்டோரம் சக்கரத்துக்குக் காடி வைக்கிறவர்கள் அதைச் சுவரோடு ஒட்டி வைத்துவிடுகிறார்கள். ஹேண்டில்பாரின் ஒரு பக்கமே 30 செ.மீ.க்கு மேல் நீளும், அது கைப்பிடியில் முட்டும்.

கேள்வி: பால்கனியைக் கணக்கில் காட்டலாமா?

பதில்: பெரும்பாலான விதிகளில் முடியாது.

கேள்வி: பேஸ்மென்ட்டுக்கு மேலுள்ள தளத்தில் ஸ்டாண்டு பதிக்க வேண்டும். எத்தனை போல்ட்?

பதில்: அடித்தட்டு ஒன்றுக்கு 12 மி.மீ. ஆங்கர் போல்ட் நான்கு வழக்கம். உங்கள் இடத்தில் முதலில் கேட்க வேண்டியது துளை போடலாமா என்பதை. நீர்த்தடுப்புப் படலம் கிழிந்தால் கீழே ஒழுகும். தளம் முன்னிறுக்கக் கம்பி (பலமாக இழுத்து இறுக்கிய எஃகுக் கம்பி) போட்டதாக இருந்தால் டிரில் அந்தக் கம்பியை அறுத்துவிடும், அது பெரிய ஆபத்து. நான்கைந்து ஸ்டாண்டுகளை இரண்டு நீள இரும்புப் பட்டையில் வெல்ட் செய்து தரையில் வைத்தால் அவ்வளவு துளை வேண்டியதில்லை. பேவர் கல்லில் போல்ட் போடுவது வீண், கல்லோடு கையில் வரும்.

கேள்வி: அலுவலகக் கட்டடம், 400 பேர். குளியலறையும் கேட்கிறார்கள்.

பதில்: லீட் பசுமைக் கட்டட மதிப்பீடு, நான்காம் பதிப்பு: முதல் 100 பேருக்கு ஒன்று, அதற்கு மேல் ஒவ்வொரு 150-க்கும் ஒன்று. உங்களுக்கு மூன்று. ஈரத் துண்டு காயப்போட இடம் விடுங்கள், அதை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள்.

கேள்வி: பேட்டரி சைக்கிளுக்குச் சார்ஜ் வசதி?

பதில்: 42 வோல்ட், 4 ஆம்பியர் சார்ஜர் 170 வாட் தரும், இழப்போடு 200 என்று வையுங்கள். பத்துக்கு 2 கிலோவாட், மின்சாரம் பெரிய விஷயமே இல்லை. தீதான் விஷயம். லித்தியம் பேட்டரி பற்றினால் சில நொடிகளில் புகை அடைத்துவிடும். ஆகவே மாடிப்படிக்குக் கீழும் வெளியேறும் வழியிலும் சார்ஜ் பாயின்ட் கூடவே கூடாது. தீத்தடுப்புச் சுவரும், புகை உணரியும், ஸ்பிரிங்ளரும் உள்ள தனி அறையில் வையுங்கள்.

கேள்வி: குடிவந்து மூன்று வருடம் ஆகிறது. ஸ்டாண்டில் பாதி, துருப்பிடித்த சைக்கிள்கள். இடம் போதவில்லை என்று இன்னும் ஸ்டாண்டு போடச் சொல்கிறார்கள்.

பதில்: போடாதீர்கள், முதலில் களையுங்கள். எல்லாச் சைக்கிளிலும் தேதி எழுதிய காகிதப் பட்டையை ஹேண்டில்பாருக்கும் பிரேக் கம்பிக்கும் குறுக்கே கட்டுங்கள். ஓட்டினால் கிழியும்படி கட்ட வேண்டும். 30 நாளுக்குப் பிறகும் கிழியாதவற்றைப் படம் எடுத்து, வீட்டு எண் கேட்டு அறிவிப்பு ஒட்டுங்கள். இன்னொரு 30 நாள் கழித்துப் பூட்டை வெட்டித் தனியே வையுங்கள். இந்த நடைமுறை சங்கத் தீர்மானத்தில் எழுத்தில் இருக்கட்டும், வெட்டிய மறுநாள்தான் சொந்தக்காரர் வந்து நிற்பார்.