நகை ஊரிலேயே இருக்கட்டும், தங்கச்சி

களியக்காவிளைப் பக்கத்திலிருந்து இங்கிலாந்துக்கு நர்ஸ் வேலைக்கு வந்து ஒன்றரை வருடமான ஒரு தங்கச்சி இப்படிக் கேட்டிருக்கிறாள்: "அக்கா, மகள் இங்கே இயர் 11 படிக்கிறாள். டாக்டராகணும்னு ஆசை. ஆக்ஸ்ஃபோர்டில் இரண்டு வாரக் கோடைகால மருத்துவப் படிப்புக்கு அவளைத் தேர்வு செய்திருப்பதாக ஈமெயில் வந்திருக்கு. 5,500 பவுண்டு கட்டணும். ஊரில் இருக்கிற நகையை அடகு வைக்கலாம்னு இவர் சொல்றார். போனா அங்கேயே சீட் கிடைக்குமா? பதினாறு வயசுப் பிள்ளையைத் தனியா விடலாமா? பாறசாலையில் என் அக்கா பையன் எட்டாம் வகுப்பு முடிக்கப் போறான், அடுத்த வருஷ லீவுக்கு அவனையும் கூப்பிட்டு இந்த மாதிரி எதிலாவது சேர்க்கலாமா?"

தங்கச்சி, நகை இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். அந்தப் படிப்புக்குப் போனதால் ஆக்ஸ்ஃபோர்டில் சீட் கிடைக்காது. கிடைப்பதற்கு அது துணையும் ஆகாது. இதை முதலில் சொல்லிவிட்டால்தான் மற்றதை நீ நிதானமாக வாசிப்பாய்.

எட்டு வருடத்துக்கு முன்னால் என் மகனுக்கும் இதே மாதிரி ஒரு ஈமெயில் வந்தது. கல்லூரிக் கோபுரத்தின் படம், கீழே "நீங்கள் தேர்வு செய்யப்பட்டுள்ளீர்கள்" என்று கொட்டை எழுத்தில் ஒரு வரி. அந்த வரியைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஏன் என்று உனக்கும் தெரியும். நம் பக்கத்தில் செலக்‌ஷன் என்றால் ரேங்க் லிஸ்ட். என் அண்ணன் என்ட்ரன்ஸ் கோச்சிங்குக்காக விடியுமுன்னே களியக்காவிளையில் கேரளா பஸ் ஏறி, பாறசாலை, நெய்யாற்றின்கரை தாண்டித் திருவனந்தபுரம் போய், ராத்திரி எட்டு மணிக்குத் திரும்புவான். அப்படி ஒரு வருடம் போயும் லிஸ்ட்டில் அவன் பெயர் வரவில்லை. அப்பா ரப்பர் பால் ஊற்றி வைக்கும் திண்ணையில் உட்கார்ந்து அன்றைக்கு முழுக்கப் பேசவில்லை. அந்த வீட்டில் வளர்ந்தவளுக்கு "தேர்வு" என்ற சொல் என்ன செய்யும்!

ஆறு மாதம், வாரம் ஒரு பேங்க் ஷிப்ட், அதாவது ஆஸ்பத்திரியில் வழக்கமான வேலைக்கு மேல் எடுக்கும் முறை, கூடுதலாகப் பார்த்தேன். எல்லாம் நைட். பணத்தைக் கட்டி, ஏத்தங்காய் சிப்ஸ் பொட்டலத்தோடு பையனைக் கொண்டு விட்டேன். அவன் சந்தோஷமாகத்தான் இருந்தான், அதை மறைக்க மாட்டேன். சாங்ஹாயிலிருந்தும் துபாயிலிருந்தும் வந்த பிள்ளைகளோடு பழகினான். படகு ஓட்டினான். நீள மேசை போட்ட பழைய ஹாலில் சாப்பிட்டான். பாடம் சொல்லிக்கொடுத்தவர்கள் அந்த இரண்டு வாரத்துக்கு என்று அமர்த்தப்பட்ட ஆராய்ச்சி மாணவர்கள், நல்ல பிள்ளைகள். கடைசி நாள் கெட்டித் தாளில் ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். அடுத்த வருடம் பல்கலைக்கழக விண்ணப்பம் எழுதும்போது பள்ளி ஆசிரியை அவனைக் கேட்டார்: "அங்கே போனாய், சரி. அங்கே கேட்டதில் எதைப் பற்றி மேற்கொண்டு வாசித்தாய்? எதில் உனக்கு மாற்றுக் கருத்து?" பையனிடம் பதில் இல்லை. சான்றிதழை எடுத்துக் காட்டினான். அவர் அதைக் கையில்கூட வாங்கவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

இது எப்படி நடக்கிறது என்று பிறகுதான் எனக்குப் புரிந்தது. ஆக்ஸ்ஃபோர்டில் வருடத்துக்கு மூன்று பருவம், ஒவ்வொன்றும் 8 வாரம். ஜூன் கடைசியில் மாணவர்கள் கிளம்பிவிட்டால் அக்டோபர் வரை அறைகள் காலி. கல்லூரிகள் அவற்றை மாநாட்டுக்கும் கல்யாணத்துக்கும் வாடகைக்கு விடுகின்றன, கோடைப் படிப்பு நடத்தும் தனியார் கம்பெனிகளுக்கும் விடுகின்றன. கேம்பிரிட்ஜிலும் இதே வழக்கம்தான். ஊரில் சர்ச் ஹாலை வாடகைக்கு எடுத்துத் தையல் வகுப்பு நடத்துகிறவர் கொடுக்கும் சான்றிதழில் பிஷப்பின் கையெழுத்து இருக்குமா? கட்டடம் ஒருவருடையது, வகுப்பு இன்னொருவருடையது. யாருடையது என்று தெரிய ஒரு எளிய வழி இருக்கிறது. ஈமெயில் வந்த முகவரியின் வாலைப் பார். இந்த நாட்டுப் பல்கலைக்கழகங்களின் முகவரி "ஏசி டாட் யூகே" என்று முடியும். உனக்கு வந்தது "டாட் காம்" என்றோ வேறு எப்படியோ முடிந்தால் அது பல்கலைக்கழகம் அனுப்பியது இல்லை. பல்கலைக்கழகங்களே காசு வாங்கிக்கொண்டு நடத்தும் கோடைப் படிப்புகளும் உண்டு, பாடமும் தரமாகவே இருக்கும். ஆனால் அவையும் இளங்கலைச் சேர்க்கைக்கு வாசல் இல்லை. கையில் தாராளமாகக் காசு இருக்கிற வீடுகளுக்கு அது சரி. அடகு வைத்துப் போகிற இடம் இல்லை.

இனி நான் உனக்குச் சொல்லியே தீர வேண்டிய விஷயம். இந்த நாட்டில் இதே கோடைப் படிப்பு, பல்கலைக்கழகமே நடத்துவது, ஒரு பைசா வாங்காமல் இருக்கிறது. நம் ஆட்களில் பாதிப் பேருக்கு அது தெரியவே தெரியாது, ஏனென்றால் அதற்கு யாரும் விளம்பர ஈமெயில் அனுப்புவதில்லை.

பீட்டர் லாம்பிள் என்பவர் 1997-ல் சட்டன் டிரஸ்ட் என்ற அறக்கட்டளையைத் தொடங்கினார். அவரே ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர். வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகள் அங்கே எட்டிக்கூடப் பார்ப்பதில்லை என்பது அவரை உறுத்தியது. அந்த வருடமே ஆக்ஸ்ஃபோர்டில் முதல் கோடைப் பள்ளி நடந்தது. இப்போது கேம்பிரிட்ஜ், எடின்பரோ, நாட்டிங்ஹாம் எனப் பல பல்கலைக்கழகங்களில் நடக்கிறது. ஆக்ஸ்ஃபோர்ட் தானாகவே "யூனிக்" என்ற பெயரில் ஒன்று நடத்துகிறது. இரண்டுமே இயர் 12 (நம் ஊர்ப் பதினொன்றாம் வகுப்பு மாதிரி) படிக்கும், அரசு செலவில் நடக்கும் ஸ்டேட் ஸ்கூல் பிள்ளைகளுக்கு. தங்குவது, சாப்பாடு, பாடம் எல்லாம் இலவசம். ரயில் செலவையும் அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள். சான்றிதழைவிடப் பெரிய பலனும் ஒன்று உண்டு. இப்படிப்பட்ட திட்டங்களை முடித்த பிள்ளைக்குச் சில பல்கலைக்கழகங்கள் ஏ லெவல் (இங்கே பள்ளியின் கடைசிப் பரீட்சை) மதிப்பெண் நிபந்தனையில் ஒரு படி குறைத்துத் தருகின்றன.

என் இளைய மகளுக்கு இது கிடைத்தது. ஐந்தே நாள். முதல் நாள் ராத்திரி போன் பண்ணி, "அம்மா, ஒண்ணும் புரியல" என்று அழுதாள். திரும்பி வரச் சொல்லலாமா என்று எனக்கு மனசு அடித்துக்கொண்டது. மறுநாள் ஒரு பேராசிரியர் நான்கு பிள்ளைகளை மட்டும் உட்கார வைத்து, ஒரு வரைபடத்தைக் கொடுத்து, இது எதைக் காட்டுகிறது, எதைக் காட்டவில்லை என்று ஒரு மணி நேரம் விடாமல் கேட்டிருக்கிறார். தப்பாகச் சொன்னால் திட்டவில்லை, "ஏன் அப்படி நினைத்தாய்?" என்று இன்னொரு கேள்வி. மூன்றாம் நாள் போனில் அவள் குரலே மாறியிருந்தது. அவளுக்கு அதுவரை படிப்பு என்றால் சரியான விடை, அவ்வளவுதான். நானும் அப்படித்தான் வளர்த்திருந்தேன். தெரியாது என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு அங்கிருந்து யோசிக்க ஆரம்பிக்கலாம் என்பதை அந்த அறையில்தான் கற்றுக்கொண்டாள்.

உன் மகள் இப்போது இயர் 11. ஆகவே இந்த வருடம் இவற்றுக்கு விண்ணப்பிக்க முடியாது. வருத்தப்படாதே, நீ சரியான நேரத்தில்தான் கேட்டிருக்கிறாய். வரும் செப்டம்பரில் அவள் இயர் 12 ஆகிவிடுவாள். கோடைப் படிப்பு என்றதும் மே, ஜூனில் தேடுகிறோம், அதுதான் நம் ஆட்கள் தவறவிடும் இடம். விண்ணப்பம் திறப்பது குளிர்காலத்தில். கிறிஸ்துமஸ் ஸ்டார் தொங்கும்போதே பார்க்கத் தொடங்கு. ஜனவரியில் எழுதி முடித்துவிட வேண்டும் என்று வைத்துக்கொள். செப்டம்பரில் பள்ளி திறந்ததும் சிக்ஸ்த் ஃபார்ம் (பள்ளியின் கடைசி இரண்டு வருடம்) பொறுப்பாசிரியரைப் பார்த்து, "என் மகள் இதற்கு விண்ணப்பிக்க வேண்டும், பள்ளி என்ன செய்து தர வேண்டும்?" என்று கேள். ஆசிரியரிடம் கேட்பதை நாம் தொந்தரவு என்று நினைக்கிறோம். இங்கே கேட்காத பெற்றோரைப் பற்றித்தான் "அக்கறை இல்லையோ" என்று நினைப்பார்கள்.

விண்ணப்பத்தில் வீட்டைப் பற்றிக் கேட்பார்கள். பெற்றோர் பட்டம் வாங்காத வீடு, வருமானம் குறைந்த வீடு, அந்தப் பகுதியிலிருந்து பல்கலைக்கழகம் போகிறவர்கள் குறைவு என்பதற்கெல்லாம் முன்னுரிமை உண்டு. நீ பி.எஸ்சி. நர்சிங் முடித்தவள் என்றால் அதை மறைக்காமல் எழுது. விசா, வசிப்பிட நிலை பற்றிய விதியை அந்தந்த வருடப் பக்கத்தில் வாசித்துவிட்டு, சந்தேகம் இருந்தால் அவர்களுக்கே நேராக எழுதிக் கேள். பதில் போடுவார்கள். போட்டி கடுமை என்பதையும் மகளிடம் முன்கூட்டியே சொல்லி வை. கிடைக்காமல் போனால் அவள் மட்டம் என்று அர்த்தமில்லை. என் அண்ணனுக்கு அதைச் சொல்ல அன்றைக்கு ஆள் இல்லை.

தனியாக விடலாமா என்று கேட்டாய். பல்கலைக்கழகம் நடத்தும் இடத்தில் பயம் வேண்டாம். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளோடு தங்கிப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு டிபிஎஸ் என்ற குற்றப் பின்னணிச் சோதனை உண்டு, நாம் வேலைக்குச் சேரும்போது கொடுத்தோமே அதேதான். ராத்திரி எத்தனை மணிக்கு அறைக்குள் இருக்க வேண்டும், வெளியே போனால் யாரிடம் சொல்ல வேண்டும், எல்லாவற்றுக்கும் கணக்கு இருக்கும். ஒவ்வாமை, மாத்திரை பற்றிக் கேட்கும் படிவத்தை நீயே நிரப்பு. மகளிடம் விட்டால் "நத்திங்" என்று எழுதிவிடுவாள்.

அப்படியானால் இந்தக் கோடையில் என்ன செய்வது? இயர் 11 முடிவில் எழுதும் ஜிசிஎஸ்இ பரீட்சை ஜூனில் முடிந்தால் செப்டம்பர் வரை நீண்ட விடுமுறை. இதுபோல ஒரு விடுமுறை பள்ளிக் காலத்தில் அவளுக்குத் திரும்ப வராது. டாக்டராக வேண்டும் என்கிற பிள்ளைக்கு உன் பக்கத்துத் தெருவில் இருக்கும் கேர் ஹோம்தான் நல்ல பாடசாலை. வாரம் ஒருநாள் போய், மறதி வந்த ஒரு பாட்டிக்குத் தேநீர் கொடுத்து அவர் சொல்வதைக் கேட்டுவிட்டு வரட்டும். அன்றைக்குப் பார்த்ததை, தன்னைச் சங்கடப்படுத்தியதை ஒரு நோட்டில் எழுதி வைக்கட்டும். மருத்துவக் கல்லூரி நேர்முகத்தில் கேட்பது இதைத்தான். பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான யூகாஸ் விண்ணப்பமும் இப்போது மாறிவிட்டது; 2026 சேர்க்கையிலிருந்து ஒரே நீளக் கட்டுரைக்குப் பதில் மூன்று கேள்விகள், மொத்தம் 4,000 எழுத்து. அதில் மூன்றாவது, படிப்புக்கு வெளியே உன்னை எப்படித் தயார் செய்துகொண்டாய் என்பது. அதற்கு அந்த நோட்டு போதும். வாசிக்க வேண்டும் என்றால் ஓப்பன் யுனிவர்சிட்டியின் ஓப்பன்லேர்ன் தளத்தில் இலவசப் பாடங்கள் இருக்கின்றன.

மருத்துவத்துக்கு யூகேட் என்ற தேர்வு உண்டு; இயர் 12 முடிந்த கோடையில் எழுதுவது. விண்ணப்பக் கடைசி நாள் அக்டோபர் 15, மற்றப் பெரும்பாலான படிப்புகளுக்கு முன்னால். ஐந்து இடத்துக்குப் போடலாம், அதில் மருத்துவம் நான்குதான். இப்போதைக்கு இவ்வளவு தெரிந்தால் போதும்.

பணத்தைப் பற்றி ஒன்று சொல்கிறேன், உன் வீட்டுக்காரரிடமும் இதை வாசித்துக் காட்டு. உள்ளூர்ப் பிள்ளைக்கு இங்கிலாந்தில் வருடக் கட்டணம் 2025-26 கணக்கில் 9,535 பவுண்டு, அதற்கும் கடன் கிடைக்கும். வெளிநாட்டுப் பிள்ளை என்று கணக்கிட்டால் மருத்துவத்துக்கு அதுவே பல மடங்கு, கடனும் இல்லை. நம்மைப் போல வேலை விசாவில் வந்த குடும்பத்தில் பிள்ளை எந்தப் பக்கம் விழும் என்பதைப் படிப்பு தொடங்கும் நாளில் அவளுக்கு ஐஎல்ஆர் (இங்கே நிரந்தரமாக வாழும் அனுமதி) இருக்கிறதா, அதற்கு முன் மூன்று வருடம் இங்கே தொடர்ந்து வாழ்ந்திருக்கிறாளா என்பவைதான் பெரும்பாலும் தீர்மானிக்கின்றன. ஐஎல்ஆர் விண்ணப்பமே ஒரு ஆளுக்கு 3,000 பவுண்டுக்கு மேல் வரும். அந்த 5,500 பவுண்டுக்கு உன் வீட்டில் வேலை இருக்கிறது, தங்கச்சி. தேதிகளை இப்போதே ஒரு தாளில் எழுதிக் கணக்குப் பாருங்கள். ஒரு வருடம் தள்ளிச் சேர்வது நல்லதென்று தெரிந்தால் அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

பாறசாலையில் இருக்கும் உன் அக்கா பையனை இங்கே கூப்பிட வேண்டாம். அவன் வீட்டிலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில் தும்பா இருக்கிறது. 1963-ல் இந்திய மண்ணிலிருந்து விண்வெளியை நோக்கி முதல் ராக்கெட் கிளம்பிய கடற்கரை. அங்கே இருந்த மேரி மக்தலேனா தேவாலயக் கட்டடத்தில்தான் விஞ்ஞானிகள் வேலை செய்தார்கள். இஸ்ரோ 2019 முதல் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு "யுவிகா" என்று இரண்டு வாரப் பயிற்சி நடத்துகிறது, கோடை விடுமுறையில், முழுக்க இலவசம். திருவனந்தபுரம் விக்ரம் சாராபாய் விண்வெளி மையமும் அது நடக்கும் இடங்களில் ஒன்று. எட்டாம் வகுப்பு மதிப்பெண், அறிவியல் கண்காட்சி, விளையாட்டு என்று பலதையும் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். கிராமப் பஞ்சாயத்துப் பகுதிப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தனி மதிப்பெண் உண்டு. அவன் ஒன்பதில் இருக்கும்போது, காலண்டர் வருடத் தொடக்கத்தில் இஸ்ரோ தளத்தில் அறிவிப்பு வரும். அக்காவை இப்போதே அவன் பள்ளியில் சொல்லி வைக்கச் சொல்.

பள்ளிக்கு ஈமெயில் எழுதத் தயக்கமாக இருந்தால் என்னைக் கூப்பிடு, சேர்ந்து எழுதலாம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து மதியத்துக்கு மேல் நான் வீட்டில்தான் இருப்பேன். மகளையும் பக்கத்தில் உட்கார வை. அவளிடம் என் இளையவள் பேசுவாள்.