பங்க்குக்கு பங்க் மாறும் டயர் காற்று: எந்த மீட்டரை நம்புவது?

கேள்வி: மதுரையில் வசிக்கிறேன், சின்ன கார் வைத்திருக்கிறேன். ஒரு நாள் சாயங்காலம் வேலை முடிந்து வரும் வழியில், ரிங் ரோட்டில் உள்ள ஒரு பெட்ரோல் பங்க்கில் நான்கு டயருக்கும் 33 வைக்கச் சொன்னேன். மறுநாள் காலை வீட்டுக்குப் பக்கத்து பங்க்கில் பார்த்தால் 29, 30 என்று காட்டுகிறது. பஞ்சர் கடையில் சோப்புத் தண்ணீர் விட்டுப் பார்த்தும் கசிவு எதுவும் இல்லை. எந்த பங்க் மீட்டர் சரி?

பதில்: இரண்டு மீட்டருமே சரியாக இருந்திருக்கலாம். காற்று போனது டயரிலிருந்துதான், ஆனால் இரவில் அல்ல. சாயங்காலம் பங்க்கிலேயே மெஷின் அதை வெளியே விட்டிருக்கும் என்பது என் கணிப்பு.

வண்டி ஓட ஓட டயர் சூடாகும், உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தமும் ஏறும். கார் டயரில் வெப்பம் ஐந்தாறு டிகிரி செல்சியஸ் கூடினால் அழுத்தம் ஏறத்தாழ ஒரு பிஎஸ்ஐ (டயர் காற்றின் அழுத்தத்தை அளக்கும் அலகு, நீங்கள் சொன்ன 33-ம் இதில்தான்) கூடும். வெயிலில் காய்ந்த தார் ரோட்டில் ஓட்டி வந்தால் மூன்று நான்கு பிஎஸ்ஐ ஏறுவது சாதாரணம். ஆக, காலையில் 33 இருந்த டயர் நீங்கள் பங்க்குக்குள் நுழையும்போது 36, 37-ல் இருந்திருக்கும். ஊழியர் 33 என்று பட்டனைத் தட்டியதும், அதிகமாக இருப்பதாக நினைத்து மெஷின் காற்றை இறக்கிவிட்டு 'பீப்' அடித்திருக்கும். இரவெல்லாம் ஆறிய பிறகு மிஞ்சுவது 29, 30. நீங்கள் சொல்லும் எண்ணோடு இது அப்படியே பொருந்துகிறது.

டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் (சில வண்டிகளில் பெட்ரோல் மூடியின் உட்புறம்) போட்டிருக்கும் எண் ஆறிய டயருக்கானது. வண்டி மூன்று மணி நேரமாவது நின்றிருக்க வேண்டும், அல்லது ஒன்றிரண்டு கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருக்கக் கூடாது. ஆள், சாமான் நிறைய ஏற்றினால் எவ்வளவு வைக்க வேண்டும் என்பதும் அதே ஸ்டிக்கரில் இருக்கும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பார்த்துக் காற்றடிக்காதீர்கள். அது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு, உங்கள் வண்டிக்கு வேண்டிய அளவு அல்ல.

சரி, மெஷின்கள் எல்லாம் துல்லியமா என்றால், அதுவும் இல்லை. பங்க் ஹோஸ் நாள் முழுக்கத் தரையில் இழுபடுகிறது, அதன் மேல் வண்டி ஏறுகிறது, முனை கான்கிரீட்டில் விழுந்து அடிபடுகிறது. முனையின் ரப்பர் தேய்ந்துவிட்டால் வால்வில் சரியாக உட்காராமல் 'உஸ்' என்று கசியும். காற்று பாயும்போது ஹோஸில் இருக்கும் அழுத்தமும் டயரில் இருப்பதும் ஒன்றல்ல என்பதால்தான் மெஷின் கொஞ்சம் அடித்து, நிறுத்தி, அளந்து, மறுபடி அடிக்கிறது. நடுவில் கசிவு இருந்தால் அந்த அளவே தப்பாகிவிடும். கூட்ட நேரத்தில் கம்ப்ரசர் டேங்கில் காற்று குறைந்துபோய், எவ்வளவு நேரம் பிடித்தாலும் எண் ஏறாமல் நிற்பதும் உண்டு.

அதனால் நம்பகமான பங்க்கைத் தேடி அலைய வேண்டாம் என்பேன். பங்க்கிலிருந்து காற்றை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள், அளப்பதை உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சில நூறு ரூபாய்க்கு டயர் பிரஷர் கேஜ் கிடைக்கிறது. ஒரே டயரில் மூன்று முறை வைத்துப் பாருங்கள், மூன்று முறையும் கிட்டத்தட்ட ஒரே எண் வந்தால் அது நல்ல கேஜ். சர்வீஸுக்கு வண்டி விடும்போது அங்குள்ள கேஜோடு ஒரு தடவை ஒப்பிட்டுக்கொண்டால், உங்களுடையது எவ்வளவு கூட்டியோ குறைத்தோ காட்டுகிறது என்றும் தெரிந்துவிடும்.

காலையில் வண்டியை எடுக்கும் முன் நான்கு டயரையும் அளந்து, எதில் எவ்வளவு குறைகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரு டயரில் 28 இருக்கிறது, வேண்டியது 33 என்றால் குறைவது 5. பங்க்குக்குப் போய்ச் சேர்ந்ததும் அதே டயரை மறுபடி அளந்து பாருங்கள். சூட்டில் 30 காட்டினால், அதோடு அந்த 5-ஐக் கூட்டி 35 வரை அடிக்கச் சொல்லுங்கள். டயர் ஆறியதும் 33-க்கு வந்து நிற்கும். அடித்து முடித்த பிறகு உங்கள் கேஜிலேயே சரிபாருங்கள். மெஷின் 35 என்று சொல்லி உங்கள் கேஜ் 33 காட்டினால், மெஷினில் 37 வைக்கச் சொன்னால் போதும், ஊழியரோடு வாக்குவாதம் வேண்டாம். வெயிலில் நின்று இத்தனை வண்டிக்குக் காற்றடிப்பவர் அந்த மெஷினைச் செய்தவர் அல்ல.

ஆனால் ஒன்றை அவரிடம் விடாமல் கேளுங்கள்: முனையை வால்வில் வைக்கும் முன் திரையில் என்ன எண் இருக்கிறது? முந்தைய வண்டிக்கு வைத்தது அப்படியே இருக்கக்கூடும். சில பங்க்குகளில் லாரிக்கும் காருக்கும் ஒரே மெஷின்தான், லாரி டயருக்கு நூறுக்கு மேல் அடிப்பார்கள். 'எல்லாக் காருக்கும் 35தான்' என்ற பழக்கமும் பல இடங்களில் இருக்கிறது. மேலே சொன்னபடி கணக்குப் போட்ட எண்ணை முதலிலேயே சொல்லிவிட்டு, வண்டியை விட்டு இறங்கிப் பக்கத்தில் நில்லுங்கள்.

பைக், ஸ்கூட்டர் ஓட்டுபவர்களுக்கு இது இன்னும் முக்கியம். டயரின் கொள்ளளவு சிறியது என்பதால் சில நொடிகளில் அளவு எகிறிவிடும், முனையைக் கோணலாக எடுத்தால் அதே வேகத்தில் இறங்கியும் விடும். இதற்கு நல்ல கால் பம்ப் ஒன்று வீட்டில் இருந்தாலே போதும். காருக்கு 12 வோல்ட் சாக்கெட்டில் மாட்டும் சின்ன கம்ப்ரசர் வாங்கலாம். மெதுவாகத்தான் அடிக்கும், ஆனால் ஆறிய டயரில் வீட்டு வாசலிலேயே அடிக்க முடியும் என்பதால் மேலே சொன்ன கணக்கே தேவைப்படாது. அடிக்கடி நெடுந்தூரம் போகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

மழைக்காலத்தில் இன்னொரு தொல்லை, கம்ப்ரசர் டேங்கில் சேரும் தண்ணீர். முனையை வால்வில் வைக்கும் முன் கொஞ்சம் காற்றை வெளியே விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். காற்றோடு தண்ணீரும் தெறித்தால் அங்கே அடிக்க வேண்டாம். உடனே ஒன்றும் ஆகாது, ஆனால் நாளடைவில் இரும்பு ரிம்மைத் துரு பிடிக்க வைக்கும். பங்க்கில் காற்று இலவசமாகக் கிடைக்க வேண்டும். மெஷின் மாதக்கணக்கில் பழுதாகவே கிடந்தால் புகார்ப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி எழுதுங்கள்.

காற்றடித்ததும் வால்வில் சோப்பு நுரை கொஞ்சம் தொட்டு வையுங்கள். குமிழி விட்டால் உள்ளே இருக்கும் வால்வு பின் கசிகிறது, பஞ்சர் கடையில் சில நிமிடத்தில் மாற்றிவிடுவார்கள். வால்வு மூடியையும் மறக்காமல் திருகுங்கள், தூசி உள்ளே போய்க் கசிவதைத் தடுப்பது அதுதான்.

நல்ல டயரிலும் மாதத்துக்கு ஒன்றிரண்டு பிஎஸ்ஐ தானாக இறங்கும். ஆகவே மாதம் ஒரு முறையாவது அளந்து பாருங்கள். நான்கும் ஒரே அளவில் இறங்கியிருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. ஒன்று மட்டும் வாரா வாரம் மற்றவற்றைவிட அதிகமாக இறங்கினால் சின்ன ஆணியோ ரிம் ஓரக் கசிவோ இருக்கும், அப்போது பஞ்சர் கடைக்குப் போகலாம். ஸ்டெப்னியையும் சேர்த்தே பாருங்கள். அது மற்ற டயர்களைவிட ஒல்லியான வகை என்றால் அதற்கு வேண்டிய அழுத்தம் வேறு, பெரும்பாலும் 60 பிஎஸ்ஐ. எவ்வளவு என்பது அந்த டயரிலேயே எழுதியிருக்கும்.