பெட்ரோல் பணம் பாதி மாதத்திலேயே தீர்ந்துவிடுகிறதே?

கேள்வி: எங்களுடையது ஆறு வருடப் பழைய பெட்ரோல் கார். அலுவலகம் 12 கிலோமீட்டர். மாதம் 22 நாள், வாங்கும்போது சொன்ன மைலேஜ் 20 என்று கணக்குப் போட்டுப் பணம் எடுத்து வைக்கிறேன். பாதி மாதம் தாண்டுவதற்குள் தீர்ந்துவிடுகிறது. கணவர் ஒவ்வொரு முறையும் ஒரே தொகைக்குத்தான் பெட்ரோல் போடுகிறார். ஓட்டை எங்கே?
- ஒரு வாசகி

பதில்: உங்கள் பெருக்கல், வகுத்தல் எல்லாம் சரி. 24 × 22 = 528 கி.மீ.; 20-ஆல் வகுத்தால் 26.4 லிட்டர். ஆனால் 528 என்பது அலுவலகத்துக்கு மட்டும் ஓடிய தூரம். 20 என்பது சோதனையில் வந்த மைலேஜ். சிக்னலில் நின்று நின்று போகும் காருக்கு அது வராது.

ஒரு பேச்சுக்கு, கடை, டியூஷன், உறவினர் வீடு எல்லாம் சேர்த்து மாதம் 780 கி.மீ. ஓடுகிறது, மைலேஜ் 14.5 என்று வைத்துக்கொள்வோம். கிட்டத்தட்ட 54 லிட்டர்! நீங்கள் ஒதுக்கியதைப்போல இரண்டு மடங்கு. கூடுதல் 27 லிட்டரில் கணக்கில் வராத தூரம் தின்றது 12.6; மீதி முழுக்க மைலேஜ் தின்றது.

ஒரே தொகைக்குப் போடும் பழக்கம் இதை மறைத்துவிடுகிறது. விலை ஏறினாலும் பில்லில் தொகை மாறாது, லிட்டர்தான் குறையும். இரண்டு நாள் முன்னதாகவே பங்க்குக்குப் போக வேண்டியிருக்கும். அதை யார் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்? அதனால் முதலில் லிட்டரில் கணக்கு, பிறகு பணத்தில்.

உண்மையான மைலேஜ் தெரிய ஒரே வழி டேங்க் ஃபுல். நாசில் முதல் முறை 'டக்' என்று தானாக நின்றதும் நிறுத்தச் சொல்லுங்கள். ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள். வழக்கம்போல ஓட்டி, கால் டேங்க் மிஞ்சும்போது அதே பங்க்கில், அதே மாதிரி முதல் 'டக்' வரை நிரப்புங்கள். ஓடிய கிலோமீட்டரை இப்போது போட்ட லிட்டரால் வகுத்தால் மைலேஜ். ஒரு தடவை பார்த்தது போதாது. மூன்று தடவை செய்து, மொத்த தூரத்தை மொத்த லிட்டரால் வகுங்கள். 'டக்'குக்குப் பிறகும் கழுத்து வரை ஊற்றினால் கணக்கும் கெடும், பெட்ரோல் ஆவியைப் பிடித்து வைக்கும் கரி டப்பாவுக்குள் பெட்ரோலே இறங்கி அதுவும் கெடும். டேஷ்போர்டு காட்டும் சராசரியை நம்ப வேண்டாம். பெரும்பாலும் கொஞ்சம் தாராளமாகவே சொல்லும்.

தூரத்துக்கு, மாதம் 1-ம் தேதி காலை ஓடோமீட்டரை செல்போனில் படம் எடுத்தால் போதும். மூன்று மாதம் எடுத்து, அதிகமாக ஓடிய மாதத்தை அடிப்படையாக வையுங்கள். அந்தத் தூரத்தை உங்கள் மைலேஜால் வகுத்து வரும் லிட்டரோடு பத்தில் ஒரு பங்கு கூட்டி, கைவசம் உள்ள பில்களில் அதிகமான விலையால் பெருக்குங்கள். இதுதான் உங்கள் ஒதுக்கீடு. மிஞ்சினால் மளிகைக்கு எடுக்காமல் அடுத்த மாதத்துக்குத் தள்ளுங்கள். வெளியூர்ப் பயணத்துக்குத் தனித் தலைப்பு.

குறைக்க வேண்டுமென்றால், இரண்டு கிலோமீட்டர் ஓட்டங்களில் கை வையுங்கள். குளிர்ந்த இன்ஜின் சூடாகும் வரை கூடுதல் பெட்ரோல் குடிக்கும். அது சூடாவதற்குள் நீங்கள் கடை வாசலில் நிற்பீர்கள். நாளுக்கு நான்கு முறை எடுப்பதை ஒரே சுற்றாக்கினால் தூரமும் குறையும், மைலேஜும் ஏறும். டயர் காற்றை, வண்டி ஓடுவதற்கு முன், குளிர்ந்திருக்கும்போதே பாருங்கள். அளவு பெரும்பாலும் டிரைவர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும். சாதாரணப் பெட்ரோலுக்கு வடிவமைத்த இன்ஜினுக்கு விலை கூடிய ஹை ஆக்டேன் ஊற்றுவது வீண் செலவு.

இவ்வளவுக்கும் பிறகு, பாதை மாறாமலே தொடர்ந்து இரண்டு டேங்க்கில் மைலேஜ் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இறங்கினால், ஓட்டி நிறுத்தியதும் ஒவ்வொரு சக்கரத்தருகிலும் கையைக் கொண்டுபோங்கள், தொடாமல். ஒன்றில் மட்டும் அனல் அடித்தால் அந்தச் சக்கரத்தில் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கலாம். உடனே மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.