சாங்ஷன்: அனுமதியா, தண்டனையா?

கேள்வி: வங்கித் தேர்வுக்குப் படிக்கிறேன். வீட்டுக் கடன் சாங்ஷன் ஆயிடுச்சு என்று அப்பா ஸ்வீட் வாங்கி வந்தார். அன்றைக்கே ஆங்கிலப் பேப்பரில் ரஷ்யா மீது சாங்ஷன்ஸ் என்று செய்தி. ஒரே சொல் எப்படி அனுமதியாகவும் தண்டனையாகவும் இருக்கும்?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: இரண்டும்தான் அம்மா. 1990 ஆகஸ்டில் நான் ஒரு வங்கியின் கடன் பிரிவில் இருந்தேன். ஈராக் குவைத்துக்குள் புகுந்து நான்கு நாள் கழித்து, ஆகஸ்ட் 6-ல், ஐ.நா. பாதுகாப்பு மன்றம் 661-ஆம் தீர்மானம் போட்டு ஈராக்கோடு வணிகத்தைத் தடை செய்தது. பயிர்க்கடனுக்காக பெஞ்சில் காத்திருந்த பெரியவர் ஒருவர், பேரன் எழுத்துக்கூட்டிப் படித்த தலைப்பைக் கேட்டுவிட்டு என்னிடம் வந்தார். "ஈராக்குக்கே சாங்ஷன் ஆயிடுச்சாம் சார், எனக்கு எப்போ?" அவர் கேட்டதில் தப்பே இல்லை. அவருக்குத் தெரிந்த சாங்ஷன், மேனேஜர் கையெழுத்தும் வட்ட சீலும் விழுந்த ஒரு தாள்.

மூலம் லத்தீன். புனிதமாக்கி உறுதிப்படுத்துவது என்று பொருள். சட்டத்தை உறுதிப்படுத்துவதும் சாங்ஷன். அதை மீறினால் இன்ன தண்டனை என்று சொல்லும் பகுதியும் சாங்ஷன். ஒரு வேரில் இரண்டு கிளை. நம் 'விலக்கு' மட்டும் என்னவாம்? வரிவிலக்கு என்றால் சலுகை, ஊர்விலக்கு என்றால் கொடுமை. பக்கத்துச் சொல்லை வைத்துத்தானே புரிந்துகொள்கிறோம்! இதையும் அப்படியே பிடியுங்கள். பின்னால் 'ஃபார்' வந்தால் பெரும்பாலும் அனுமதி. பன்மையில் 'சாங்ஷன்ஸ்' என்று வந்து 'ஆன்', 'அகெய்ன்ஸ்ட்' சேர்ந்தால் தடை. அதை விதிப்பது 'இம்போஸ்', நீக்குவது 'லிஃப்ட்'.

ஒரே ஒரு இடத்தில் நிதானம் வேண்டும். அரசு ஊழியர் மீதான லஞ்ச வழக்குச் செய்திகளில் 'சாங்ஷன் ஃபார் ப்ராசிக்யூஷன்' என்று வரும். தண்டித்துவிட்டார்கள் என்று படித்துவிடாதீர்கள். 1988-ஆம் ஆண்டு ஊழல் தடுப்புச் சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி, வழக்கை நீதிமன்றம் எடுத்துக்கொள்ள முன்கூட்டியே வேண்டிய அனுமதி அது.

வினைச்சொல்லாக வரும்போதுதான் மெய்யான சிக்கல். 'கவர்ன்மென்ட் சாங்ஷன்ட் தி கம்பெனி' என்று மொட்டையாக எழுதினால், அனுமதித்ததா தண்டித்ததா என்று படிப்பவருக்குத் தெரியாது. தேர்வில் அப்படி எழுதாதீர்கள். அனுமதிக்கு 'அப்ரூவ்ட்', தண்டனைக்கு 'இம்போஸ்ட் சாங்ஷன்ஸ் ஆன்' என்று எழுதிவிடுங்கள்.