கரகரப்பு எங்கிருந்து வருகிறது?

கேள்வி: பழைய புளூஸ் (அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசை) பாட்டுகளின் மறுவெளியீட்டை காசு கொடுத்து வாங்கினாலும் ஒரே கரகரப்பு. மூலப் பதிவிலிருந்தே சுத்தமாக எடுத்துப் போடக்கூடாதா?

பதில்: மூலம் இருந்தால்தானே! சார்லி பேட்டன், சன் ஹவுஸ் போன்ற புளூஸ் பாடகர்களின் பாட்டுகளை வெளியிட்ட பாராமவுண்ட் என்ற இசைத்தட்டு நிறுவனம், அமெரிக்காவின் விஸ்கான்சினில் நாற்காலி செய்த ஒரு கம்பெனியின் துணைத்தொழில். (கிராமபோன் பெட்டி விற்க இசைத்தட்டும் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.) 1930-களில் அதை மூடினார்கள், இசைத்தட்டு அடிக்கப் பயன்பட்ட உலோக அச்சுகளில் பெரும்பாலானவை பழைய உலோக விலைக்குப் போய்விட்டன. அதனால் யார் வீட்டிலோ தேயத் தேய ஓடிய 78 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 78 சுற்று) தட்டுதான் இன்றைக்கு மூலம், அதுவும் சில பாட்டுகளுக்கு ஒன்றிரண்டு பிரதிகளே மிச்சம். சன் ஹவுஸ் 1930-ல் பாராமவுண்டின் பதிவகம் இருந்த கிராஃப்டனில் பதிவுசெய்த ஒரு தட்டு பல பத்தாண்டுகள் சேகரிப்பாளர்கள் கண்ணிலேயே படவில்லை, கடைசியில் கிடைத்து 2006-ல்தான் மறுவெளியீடு ஆனது. அதே சமயத்தில் பாடிய வில்லி பிரவுனின் ஒரு தட்டை இன்னமும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

சரி, கணினியில் இரைச்சலை நீக்கலாமே என்பீர்கள். அளவோடு செய்தால் நல்லதுதான், ஆனால் அதிகமாக வடிகட்டினால் கிதார் கம்பியின் கூர்மையும் சேர்ந்தே போய், போர்வைக்குள்ளிருந்து பாடுகிற மாதிரி ஆகிவிடும். நான் கரகரப்புள்ள பதிப்பைத்தான் வாங்குவேன்.