அறிவியல் புத்தகங்கள் படித்த பிறகு, தானம், தியாகம் எல்லாமே சுயநலம்தானோ என்று தோன்றுகிறதே, உங்களுக்கும் தோன்றியதுண்டா?

தோன்றியது. ஒன்றரை வருடம் அந்தக் காய்ச்சலோடு திரிந்தேன். முழுதாக விட்டுவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் கேள்வியிலேயே ஒரு முடிச்சு தப்பாக விழுந்திருக்கிறது என்பது எங்கள் அப்பா இறந்த அன்று தெரிந்தது.

எனக்குக் காய்ச்சல் வந்தது உயிரியலாளர் ரிச்சர்ட் டாக்கின்ஸ் 1976இல் எழுதிய 'சுயநல மரபணு' நூலால். ஆங்கிலத்தில், பென்சிலும் அகராதியுமாகப் படித்தேன். அதன் அடித்தளம் 1964இல் ஹாமில்டன் என்ற உயிரியலாளர் போட்ட கணக்கு. நான் உதவுவதால் என் உறவினருக்குக் கிடைக்கும் லாபத்தை உறவின் நெருக்கத்தால் பெருக்க வேண்டும். அது என் நட்டத்தைவிடக் கூடுதலாக இருந்தால், உதவும் குணம் தலைமுறைகளில் பரவும். உடன்பிறந்தவர் என்றால் பாதி, அத்தை பிள்ளை மாமன் பிள்ளை என்றால் எட்டில் ஒன்று. சரி, உறவே இல்லாதவருக்கு ஏன் உதவுகிறோம்? பின்னால் திரும்பி வரும் என்பதால், என்றார் டிரைவர்ஸ் என்ற இன்னொரு உயிரியலாளர், 1971இல். மதுரைக்காரனுக்கு இதை விளக்கவே வேண்டாம், மொய் நோட்டைக் காட்டினால் போதும்.

அதற்கப்புறம் என்னோடு பேசவே ஆள் கிடையாது. அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் நீர்மோர் பந்தல் போட்டவரைப் பார்த்தால், "மோருக்கா, பேனரில் இருக்கும் போட்டோவுக்கா?" என்பேன். பந்தலில் நின்று மோரையும் குடித்துவிட்டுத்தான்.

அப்பா செல்லூரில் தறி ஓட்டியவர். புத்தகம் படிக்கிற பழக்கம் கிடையாது. கண்புரை ஆபரேஷனுக்குப் போன இடத்தில் கண்தானம் பற்றிய போர்டைப் பார்த்துவிட்டு, "செத்தப்புறம் நமக்கெதுக்குடா, குடுத்துரு" என்றார். அவ்வளவுதான் அவருடைய தத்துவம். ஒரு நாள் விடியற்காலை நாலரைக்கு உயிர் போனது. ஆறு மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும். கண் வங்கிக்குப் போன் செய்தபோது அவர்கள் சொன்னதை எல்லாம் செய்தேன்: இமையை மூடி ஈரப் பஞ்சு வைத்தேன், தலைக்குக் கீழே தலையணை, ஃபேனை நிறுத்தினேன். காற்றில் கருவிழி உலர்ந்துவிடும்.

அத்தை, அப்பாவின் தங்கை, வந்ததும் முதலில் ஃபேனைத்தான் போட்டார். "ஈ மொய்க்குதுடா." நான் நிறுத்தினேன். விஷயம் தெரிந்ததும் அத்தை மறுபடி போட்டுவிட்டு, சுவிட்சின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றுவிட்டார். "அடுத்த பிறவியில எங்கண்ணன் குருடாப் பிறக்கணுமா?" அழவில்லை, வெறும் குரல். நான் அந்த ஒன்றரை வருடத்தில் சேர்த்து வைத்திருந்த அறிவியல் ஒரு வரிகூட வாயில் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே கேட்டார்: "ரெண்டு பேருக்கா பார்வை வரும்?" அப்படித்தான் அத்தை, ஒரு கண் ஒருத்தருக்கு, என்றேன். சுவிட்சை அணைத்துவிட்டுப் போய்ச் சுவரோரம் உட்கார்ந்தார்.

வந்தவர்கள் கால் மணி நேரத்தில் வேலையை முடித்துவிட்டார்கள், பரிசோதனைக்குக் கொஞ்சம் ரத்தமும் எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் போனதும் அத்தை குனிந்து அப்பா முகத்தை நெடுநேரம் பார்த்தார். "அப்படியேதான் இருக்காரு" என்றார்.

கணக்குப் போட்டால், அப்பாவுக்கு இதில் ஒரு நட்டமும் இல்லை. செத்தவருக்கு ஏது செலவு? 'இதில் என்ன தியாகம்' என்று கேட்கிறவரோடு நான் சண்டைக்கு வரமாட்டேன். ஆனால் அத்தைக்குச் செலவு இருந்தது. அண்ணன் அடுத்த பிறவியில் இருட்டில் கிடப்பார் என்று நிஜமாகவே நம்பிக்கொண்டு, யாரென்றே தெரியாத இரண்டு பேருக்காகக் கையை எடுத்தார். யாருக்குப் பொருத்தினார்கள் என்று சொல்லவும் மாட்டார்கள், மொய் திரும்பி வர வழியே இல்லை. பாராட்டும் கிடையாது, அந்த வீட்டில் அவரை அப்போது கவனித்தவன் நான் ஒருவன்தான். கொடுத்தவர் அப்பா என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் சொன்னேன்.

போஸ்டர் அடிக்கும்போது மச்சான் 'கண்தானம் செய்தவர்' என்று பெரிய எழுத்தில் போடச் சொன்னார். எனக்குக் கூசியது. புறநானூற்றின் 134ஆம் பாட்டில் முடமோசியார் வள்ளல் ஆய் அண்டிரனைப் பற்றிச் சொல்வது ஞாபகம் வந்தது: இங்கே செய்தால் அங்கே கிடைக்கும் என்று கணக்குப் பார்க்கும் 'அறவிலை வணிகன்' இல்லை அவன். மச்சான் பாட்டுக்கு மயங்குகிற ஆள் இல்லை. போஸ்டர் ஒட்டியாயிற்று. ஆனால் கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதியின் 182ஆம் பாட்டைத் திரும்ப எடுத்துப் பார்த்தபோது மச்சான் பக்கமும் நியாயம் தெரிந்தது. பிறருக்காக உழைப்பவர் இருப்பதால்தான் உலகம் இருக்கிறது என்கிற அதே பாட்டு, அவர்கள் 'புகழெனின் உயிருங் கொடுக்குவர்' என்றும் சொல்கிறது. புகழாசை இருக்கிறது என்று ஒளிக்காமல் சொல்லிவிட்டு, அவர்களையே உலகத்தின் தூண் என்கிறது. நானோ நீர்மோர் பந்தலில் ஒரு போட்டோவைக் கண்டதற்கே மோரில் விஷம் கலந்த மாதிரி பேசியிருந்தேன்.

நான் சறுக்கியது இங்கேதான். ஒரு குணம் எப்படி உண்டானது என்பது ஒரு கேள்வி, ஒருவர் எதற்காக ஒன்றைச் செய்தார் என்பது வேறு கேள்வி. 'சுயநலம்' என்று டாக்கின்ஸ் சொல்வது மரபணுவை, அதுவும் உவமையாக. அதற்கு மனசே கிடையாது. இட்லி மாவைப் புளிக்க வைக்கும் நுண்ணுயிர்கள் தங்கள் பிழைப்பைத்தான் பார்க்கின்றன. அதற்காக இட்லி மெத்தென்று இருப்பது பொய்யாகிவிடுமா? (உவமை கொஞ்சம் நொண்டுகிறது, தெரியும்.) 1976 பதிப்பையே அவர், தம்மைத் தாமே நகலெடுத்துக்கொள்ளும் மரபணு போன்ற இந்தச் சுயநலக்காரர்களை எதிர்த்து நிற்க மனிதரால் மட்டும் முடியும் என்றுதான் முடிக்கிறார். அந்தப் பக்கத்தில் என் பென்சில் கோடு ஒன்றுகூட இல்லை.

ஜார்ஜ் பிரைஸ் என்றொருவர் இருந்தார். ஹாமில்டனின் கணக்கை இன்னும் பொதுவான சமன்பாடாக 1970இல் எழுதியவர். கடைசிக் காலத்தில் லண்டனில் வீடற்றவர்களைத் தன் வீட்டில் தங்கவைத்து, இருந்ததையெல்லாம் கொடுத்துத் தீர்த்து, 1975 ஜனவரியில் உயிரை மாய்த்துக்கொண்டார். அதை எந்தப் பக்கத்துக்குச் சாட்சியாக வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அந்தச் சாவைப் புனிதமாக்குகிறவர்களைப் பிடிக்காது, அதை வைத்துத் தத்துவம் பேசுகிறவர்களை இன்னும் பிடிக்காது.

போன மாதம் அத்தையோடு பெரியார் பஸ் ஸ்டாண்டிலிருந்து வந்துகொண்டிருந்தேன். எதிர் சீட்டில் ஒரு வயதான அம்மா, எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை என் முழங்கையைக் கிள்ளினார்.

"அந்தம்மா பார்க்குறதைப் பாரேன். எங்கண்ணன் பார்க்குற மாதிரியே இல்ல?"